வரப்பில் ஏறிய கருப்பு

காலை நீட்டவே மாட்டேன் என்று நின்றாள் சாமுண்டீஸ்வரி. உப்பளத்துக் கொட்டகையில் தோல் நோய்க் கேம்ப். நர்ஸ் சிஸ்டர் சகாயமேரி மடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழு மாசம். அந்த மடியில் போய்க் காலை வைப்பதாவது!

"புள்ள இருக்கிற வயிறு சிஸ்டர். நான் மாட்டேம்மா."

"அது தூங்குதுக்கா. நீங்க வெச்சா எழுந்து உதைக்கும், அவ்ளோதான்."

இவளை மாட்டிவிட்டது புருஷன் காசிலிங்கம்தான். சற்றுமுன் அவனுடைய குதிகால் மச்சத்தின்மேல் சிஸ்டர் செல்போனில் மாட்டிய சின்ன லென்ஸை அழுத்திப் படம் எடுத்திருந்தாள். தன் உள்ளங்காலில் இத்தனை கோடு ஓடுவது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயசில்தான் தெரிந்தது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். உப்பளத்தை உயரத்திலிருந்து பார்த்த மாதிரியே இருந்தது. அவனுடைய மச்சத்தின் கருப்பு பள்ளத்தில் மட்டும் மெல்லிசாக ஓடியது.

"பள்ளத்துல ஓடுனா பயமில்ல அண்ணே. சும்மா மச்சம்."

"வாய்க்கால்ல தண்ணி ஓடற மாதிரின்னு சொல்லு," என்று சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் போட்டுக்கொடுத்தான். "இவளுக்கும் ஒண்ணு இருக்குது சிஸ்டர். வந்து ரெண்டு வருசம் ஆவுது. உள்ளங்கால்ல மச்சம் வந்தா ஊர் ஊரா சுத்துவேன்னு சொல்லிக்கினு திரியறா. இன்னும் திண்டிவனத்தையே தாண்டல!"

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள். படம் வந்ததும், சிஸ்டர் வாய் திறப்பதற்குள் அவளே எட்டிப் பார்த்தாள். பதினேழு வயசிலிருந்து வரப்பு கட்டுகிறவள் இல்லையா? வாய்க்கால்களெல்லாம் வெளுத்துக் கிடந்தன. கருப்பு மேட்டின்மேல் பட்டை பட்டையாகப் படிந்திருந்தது.

"எனக்கு வரப்புல ஏறிடுச்சே சிஸ்டர்."

சகாயமேரி படத்தைப் பாண்டிச்சேரி டாக்டருக்கு அனுப்பினாள். அவர் பதில் வந்ததும் மெதுவாகச் சொன்னாள். "தோல் கேன்சரா இருக்கலாம்கா. சதையில சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணாதான் தெரியும். ஆனா சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க."

காசிலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. சாமுண்டீஸ்வரி அவனையே பார்த்தாள்.

"ஏங்க, தண்ணி வரப்புல ஏறினா நாம இன்னா பண்ணுவோம்?"

"வெட்டி வுடுவோம்," என்றான். "கரை உடையறதுக்குள்ள."

"அப்ப வெட்டிடலாம்."

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் வயிற்றுக்குள்ளேயிருந்து ஓர் உதை, அவள் பாதத்திலேயே விழுந்தது.

"அய்யோ, உதைச்சிடுச்சு!"

"கெளம்புன்னு சொல்லுதுக்கா," என்றாள் சிஸ்டர்.

பாண்டிச்சேரியில் டெஸ்ட் பண்ணியதில் அது அந்த வியாதியேதான் என்று தெரிந்தது. ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. முழுசாக எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுக்கச் சொன்னார் டாக்டர். "டெஸ்ட்டு, ஆபரேஷன், கட்டுன்னு ஏழு தபா பாண்டிச்சேரி போய்ட்டு வந்துட்டே. மச்சம் சொன்னது பலிச்சிடுச்சு பாரு," என்றான் காசிலிங்கம். "பீச்சைக் காட்டுனியா நீ? மச்சம்தான் காட்டுச்சு," என்றாள் அவள்.

நாளைக்குத்தான் அந்த மூன்று மாதப் படத்தில் முதலாவது. இன்று மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, கழுவிய கால்களை நீட்டியிருக்கிறார்கள். சாமுண்டீஸ்வரி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு பாதமாகக் குனிந்து பார்க்கிறாள்.

"ஏய், கூசுதுடீ!" என்று நெளிகிறாள் கடைசியில் இருக்கும் லூர்துமேரி.

"ஆடாத. உனக்கு ஒண்ணுமில்ல."

செல்போனை லூர்துமேரியிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் செருப்பைக் கழற்றி, யாரும் கேட்காமலே தன் காலைத் தூக்கி அவள் மடியில் வைக்கிறாள் சாமுண்டீஸ்வரி.