பாதிப் பாம்பு

கீழ்வீட்டுக்காரி கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, பாத்துச் சொல்லுங்க. விஷமா, இல்லையா? அவரைக் கடிச்சிடுச்சு."

என் கணவர் அச்சகத்தில் கணக்குப் பார்த்தவர். விடுமுறை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓணான், அரணை, பாம்பு என்று புதர்களுக்குள் அலைவார். யார் யாரோ படம் அனுப்புவார்கள். இவர் பெயர் சொல்லுவார். அந்தப் படங்களை அவர் பெரிதாக்கும்போது நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். அதனால் பாம்புகளை எனக்குக் காதால் மட்டும்தான் தெரியும். கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கட்டுகள் கழுத்தைத் தாண்டித்தான் தொடங்கும், வால் வரை தெளிவாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும்; அதற்கு விஷமில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான், கழுத்து வரை கட்டுகள் இருந்த ஒரு குட்டியை வரையன் என்று நம்பிக் கையில் எடுத்தார். குட்டிக் கட்டுவிரியன் சில சமயம் அப்படியும் இருக்கும் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு அவருடைய நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார்.

கண்ணைத் திறந்தேன். படத்தில் அலமாரிக்கு அடியிலிருந்து பாதிப் பாம்புதான் வெளியே கிடந்தது. கறுத்த உடல். வால் நுனி வரை வெள்ளைக் கட்டுகள். கட்டுவிரியனின் அடையாளம். ஆனாலும், தெரிந்தவரே தப்பாகச் சொன்ன பெயரை நான் எந்தத் தைரியத்தில் சொல்வது?

சுவரைப் பிடித்தபடி அவள் பின்னால் இறங்கினேன். அவள் கணவர் பஸ் டிரைவர். கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. இவ தெருவையே கூட்டிடுவா போல. கீழ கிடந்த சட்டையை எடுக்கக் கை வச்சேன், சுருக்குன்னுச்சு. எறும்புக்கடி மாதிரி. வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. என்னைக் கடிச்சதுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டி எடுக்கணும், ஜனம் காத்துக்கிட்டிருக்கும்."

அவள் என் வாயையே பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட எனக்கும் ஆசைதான். அன்று என் கணவரும் அதையேதான் சொன்னார். வலிக்கவில்லை என்று சிரித்தார், தண்ணீர் கேட்டார்.

டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகவாயைத் தூக்கி, பாதி இமைக்குக் கீழிருந்து பார்த்தார். அன்று என் கணவரும் அப்படித்தான் பார்த்தார். ஏதோ பெரிய மனுஷன் தோரணையில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இமை மேலே ஏறாததால்தான் தலையை அண்ணாந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"ஏன் தம்பி அண்ணாந்து பாக்கறீங்க?"

"தூக்கம் அசத்துதுக்கா."

"எழுந்திருக்காதீங்க. நடக்கவே கூடாது. ஏய், காரைக் கூப்பிடு. பெரிய ஆஸ்பத்திரி. கட்டுவிரியனா இருக்கும்னு சொல்லு. இமை இறங்குது, மூச்சைப் பாத்துக்கங்கன்னு சொல்லு."

"நிச்சயமா தெரியுமாக்கா?"

"தெரியாது. நீ கிளம்பு."

"டிப்போல என்னன்னு சொல்றது? பாம்புக்கு உடம்பு சரியில்லன்னா?" என்றார் அவர். கடைசி வார்த்தை நாக்கில் குழைந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். உடனே காருக்குப் போன் செய்தாள்.

கார் போன பின் பாம்பு பிடிப்பவருக்குப் போன் செய்தேன். "இதோ வந்துட்டிருக்கேம்மா. தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருங்க, போதும். கண்ணை எடுத்தீங்க, அப்புறம் வீட்டையே பிரிச்சுத்தான் தேடணும்."

பாம்பு கிடந்த அறையின் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். உள்ளங்கால் வேர்த்து வழுக்கியது. படத்தில் பார்த்த வாலை இப்போது காணவில்லை. அலமாரிக்கு அடியில் இருட்டு மட்டும் இருந்தது. கண்ணைச் சிமிட்டவும் பயம். திரும்பிப் பார்த்தால் என் காலடியிலேயே இருக்குமோ என்று பயம். கையிலிருந்த கைபேசி அடிக்க ஆரம்பித்தது. அவளாகத்தான் இருக்கும். குனிந்து பார்க்க முடியவில்லை.

தரையில் கிடந்த காக்கிச் சட்டை லேசாக அசைந்தது. பிறகு அதன் ஒரு கை, தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கி, மெல்ல மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது. யாரோ உள்ளே கையை நுழைத்துப் போட்டுக்கொள்வதைப் போல.