களிமண் குழியில் கிடந்த வண்டி

குழியின் கரையில் நின்றதுமே ஃபாயிஸுக்குக் குமட்டியது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு மண் வெட்டியெடுத்துக் கைவிட்ட பள்ளம் அது. மழைநீர் முப்பதடி ஆழத்துக்கு நின்றது. ஊரார் அதில் கொட்டாதது எதுவுமில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அடைமழையில் கரை சரிந்து, திருமால் ஓட்டிவந்த மினி வேன் இதற்குள் போய்விட்டது. அவன் நீந்திப் பிழைத்தான். வண்டியில் பெட்டி பெட்டியாகப் பீங்கான் ஃபியூஸ்கள் இருந்தன. முதலாளி பழமலைநாதன் கயிற்றில் கொக்கி கட்டித் துழாவிப் பார்த்தார். ஒரு பெட்டியும் சிக்கவில்லை.

"சரக்க வித்துட்டுக் காலி வண்டியத் தள்ளிவுட்டுட்டான். நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப்போறேன்" என்றார்.

ஃபாயிஸ் துபாய்த் துறைமுகத்தில் கடலில் மூழ்கிக் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்பவன். விடுமுறையில் வந்திருந்தான். கூடப் படித்த திருமாலுக்குத் திருட்டுப் பட்டம் விழுவதைப் பொறுக்காமல், புதுச்சேரியில் காற்று சிலிண்டர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"பாத்து பாய், கெளுத்தி மீனு ஒங்களையும் குடும்பத்துல சேத்துக்கப்போவுது" என்றார் பழமலைநாதன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

"மூக்கோட வாயையும் சேத்துப் பொத்திக்கங்க, மொதலாளி."

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் திருமாலிடம் கொடுத்துவிட்டுக் கரையிலிருந்தே நடந்து இறங்கினான். மார்கழித் தண்ணீர். ஆழம் போகப் போகக் குளிர் எலும்பைத் தொட்டது. கலங்கிய வெள்ளைக் களிமண்ணில் டார்ச் வெளிச்சம் ஒரு முழம் தாண்டவில்லை. உடைந்த கழிப்பறைக் கோப்பைகள், அழுகிய எச்சில் இலைக்கட்டு, ஊறிப் பெருத்த டயப்பர்கள். கொழகொழவென்று ஒரு கெளுத்தி கன்னத்தில் உரசிப்போனது.

வேன் நிமிர்ந்தபடியே புதைந்திருந்தது. கரையிலிருந்து எறிந்த பைகள் அதன் திறந்த பின்பக்கத்தை மேடாக மூடியிருந்தன. ஒன்றை இழுத்தான். அது கிழிந்து, கோழிக்குடலும் இறகும் முகமூடிக் கண்ணாடியில் அப்பின. எந்தப் பாவி என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே அடுத்ததை இழுத்தான். மஞ்சள் பை, பச்சை எழுத்து: நூர் சிக்கன்.

அவன் அத்தாவின் கடை.

தந்தை நூர் முகம்மது தினமும் பிற்பகல் அசர் தொழுகைக்கு முன் இந்தக் குழிக்கு வருவார். "வாயில்லா சீவனுக்குத் தீனி போடுறது நன்மைதான" என்பார். பையை அவிழ்த்துப் போடுகிறாரா, பையோடு வீசுகிறாரா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஃபாயிஸும் கேட்டதில்லை.

ஊர்மேல் இருந்த அருவருப்பு தன்மேலேயே திரும்பியது. ஒவ்வொரு பையாக அகற்றினான். அடியில், அடுக்கு கலையாமல் பெட்டிகள் இருந்தன.

ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரையேறினான். பழமலைநாதன் பலகையைப் பெயர்த்தார். வெள்ளை ஃபியூஸ்கள் பளிச்சென்று இருந்தன.

"மீதியும் அங்கியேதான் இருக்குது. எங்க கடைக் கழிவு மேல மூடிக் கெடந்துச்சு. அதான் ஒங்க கொக்கியில மாட்டல" என்றான் ஃபாயிஸ். சொல்லாமலும் விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

பழமலைநாதன் பலகையைக் கீழே வைத்தார். "திருமாலு, ஸ்டேஷனுக்குப் போவல. நான் பேசுனதெல்லாம் தப்பு" என்றார். திருமால் தலையை மட்டும் அசைத்தான்.

குழியை ஒட்டித்தான் அவன் வீடு. மனைவி பூங்கோதை ஒரு குடம் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்தாள்.

"கையை நீட்டுங்கண்ணே."

"வேணாம்மா, நாறுது. எங்க அத்தா கொட்டுனது. அதாலதான் ஒன் புருசன் திருடனா நின்னான்."

"இருக்கட்டும். நீட்டுங்க."

மூக்கைப் பொத்தாமல், முகம் சுளிக்காமல், விரலிடுக்கில் ஒட்டிய இறகை ஒவ்வொன்றாக எடுத்தாள். நாற்றம் போகவில்லை. அவள் இன்னொரு குடத்துக்கு அடுப்பு மூட்டப் போனாள்.