சாயம் ஏறிய விரல்

துர்கா வந்தது மாதாந்திர செக்கப்புக்கு. எட்டு மாதக் கர்ப்பம். பொதட்டூர்பேட்டையிலிருந்து புருஷனோடு பஸ்ஸில் வந்து, எங்கள் திருத்தணி கிளினிக்கின் மாடிப்படியை ஏறி என்னைப் பார்த்துச் சிரித்தாள். விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினேன். எண்பத்தேழு.

தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனாலே நாங்கள் பயப்படுவோம். சிரித்த முகத்தை விட்டுவிட்டு எண்ணை நம்பினேன். அவளை மல்லாக்கப் படுக்கவைத்து ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினேன்.

போன் ஸ்பீக்கரில் டாக்டர் கோமளவல்லி பதறினார். "ஆம்புலன்ஸ் கூப்பிடு மணியம்மை. பெரிய ஆஸ்பத்திரியில இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி குழந்தைய எடுக்க வேண்டியிருக்கும்."

"எட்டு மாசம்தானேக்கா ஆவுது? புள்ள தங்குமா?" என்றாள் துர்கா. கால் மணி நேரத்தில் அவளுக்கு நிஜமாகவே மூச்சு இரைத்தது. நாடி நூற்று முப்பது.

ஆம்புலன்ஸ் வந்ததா என்று படியேறி இறங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் ராஜீவ் கையை நீட்டினான். "எனுக்கும் பாருங்க மேடம். ரெண்டு பேரும் ஒரே சாயப்பட்டறையிலதான் வேலை செய்துகினு இருக்கோம். அந்தக் காத்துதான் ஒத்துக்கலயோ என்னமோ."

எண்பத்தாறு.

அப்போதுதான் அவன் நகங்களைப் பார்த்தேன். கருநீலம். துர்காவுக்கும் அதேதான். நானும் பொதட்டூர்பேட்டைக்காரி, எங்கள் தெருவில் சாயம் ஏறாத கையைத்தான் திரும்பிப் பார்ப்போம். வெளியூர் நர்ஸாக இருந்தால் முதலில் நகத்தைப் பார்த்திருப்பாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கிளிப்பின் வெளிச்சம் நகத்தைத் தாண்டிப் போனால்தான் சரியான எண் வரும். துர்காவின் கால்விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு.

"உனக்கு ஒண்ணுமில்ல" என்று மாஸ்க்கில் கை வைத்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கழட்டாதீங்கக்கா! செத்துடுவேன்!"

அது நடிப்பில்லை. கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இந்த இரைப்போடு போனால், பார்க்கிற எந்த டாக்டரும் கத்தியைத்தான் எடுப்பார். மல்லாந்து கிடந்தால் வயிற்றுப் பாரமும் மூச்சை அடைக்கும். அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகை நீவினேன்.

"துர்கா, தப்பு என்னுது. சாயம் ஏமாத்திடுச்சு. உன் வூட்டுக்காரருக்கு எண்ணு உன்னைவிடக் கம்மி. எப்டி குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு பாரு!"

அவனையே பார்த்தாள். இரைப்பு மெல்லத் தணிந்தது. மாஸ்க்கை அவளே கழற்றினாள்.

டாக்டருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, எண்ணு தப்பு. அப்போ மூச்சு முட்டினது எதனால?"

"நம்மாலதான், டாக்டர்."