நெட் போன ஞாயிற்றுக்கிழமை

விஜயதாஸ் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிறவன். நிலமோ வீடோ கைமாறும்போது பத்திரம் தயாராக்கி, விவரத்தை நெட்டில் ஏற்றி, பதிவுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது அவன் வேலை. பாதி வேலை செங்கல் என்ற ஊரில் இருக்கும் அவன் வீட்டில்தான் நடக்கும். பொன்னையன் என்பவரின் பாகப்பத்திரத்துக்கான விவரத்தை அந்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். கையெழுத்துப் போடுவதற்காகவே மஸ்கட்டிலிருந்து வந்திருந்த அவர் மகன் செவ்வாய்க்கிழமை திரும்புகிறான்.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நெட் இல்லை. திரையின் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் நின்றது.

இடி விழுந்து கருகிப்போன மோடத்துக்குப் பதிலாக, கேபிள்காரன் சஜு முந்தின நாள்தான் புதியது வைத்துவிட்டுப் போயிருந்தான். போனில் கூப்பிட்டபோது அவன் பொழியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான். அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னான். வயரைப் பிடுங்கிக் குத்தினான் விஜயதாஸ். வேறு துளையில் குத்தினான். அலமாரியில் கிடந்த இன்னொரு வயரை மாட்டினான். மோடத்தை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் போட்டான். வயர் குத்திய இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவனுடைய போனில் வைஃபையும் வந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை. பத்திர விவரமெல்லாம் அதில்தான் இருந்தது.

அப்படியானால் கம்ப்யூட்டருக்குள்தான் ஏதோ என்று சொல்லி, சஜு ஒரு பக்கத்தைத் திறக்க வைத்தான். தானாக வர வேண்டிய நெட் அட்ரஸ் இருக்கும் இடத்தில் யாரோ எண்களைத் தட்டி வைத்திருந்தார்கள்.

“அது பழைய மோடத்துக்கு ஒத்த அட்ரஸாக்கும் அண்ணா. புதுசுக்கு அது செல்லாது. தானா எடுக்கும்படி மாத்துங்க” என்றான் சஜு.

மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே விஜயதாஸுக்குத் தெரியாது. அதைப் போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சஜு பந்திக்குப் போனான்.

போட்டவள் லேகா. விஜயதாஸின் மனைவி. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. பதினான்கு மாதமாக அங்கேயே வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட இல்லை. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, இந்த வாரம் முழுக்க நீங்கள் என்னிடம் பேசியது ஆறு வார்த்தை என்றாள். அவன் யோசித்துப் பார்த்தான். மறுத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அப்போதும் பேசாமல் இருந்தான்.

மத்தியானம் வரைக்கும் அவன் தன் மனதில் தோன்றியதையெல்லாம் தட்டிப் பார்த்தான். அவள் பெயர், தன் பெயர், பிறந்த வருடம். எதுவும் திறக்கவில்லை. ஞாயிறானதால், நெட் வேலைகளைச் செய்து கொடுக்கும் அக்ஷயா சென்டரும் பூட்டு. மூன்று மணிக்குப் போனை எடுத்து, இரண்டு தடவை கீழே வைத்து, மூன்றாவது தடவை கூப்பிட்டான்.

முதல் மணியிலேயே எடுத்தாள். “என்ன, சுகமில்லையா?”

சுகம்தான் என்றான். நெட் விஷயத்தைச் சொன்னான். “ஓ, நெட்டா” என்றாள். அவளுக்கு அது ஏமாற்றமா, ஆசுவாசமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, ஒரு பிரிண்டரை இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக வைக்கத்தான் அந்த அட்ரஸைக் கையால் போட்டேன் என்றாள். அவளுடைய கம்ப்யூட்டர் இருந்த மேஜையில் இப்போது பழைய பத்திரக் கட்டுகள் கிடந்தன.

“பாஸ்வேர்டு நம்ம கரண்ட் பில்லிலே உள்ள கன்ஸ்யூமர் நம்பராக்கும்” என்றாள்.

அவன் பில்லைத் தேடி எழுந்தான். அதற்குள் அவள் பதிமூன்று இலக்கத்தையும் நிறுத்தாமல் சொல்லிவிட்டாள். திரும்பச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டினான். திறந்தது. அவள் சொன்னபடி தானாக எடுப்பதற்கு மாற்றினான். முக்கோணம் போனது. பதிவுத்துறையின் பக்கம் மெல்ல விரிந்தது.

“வந்துதா?”

“வந்துட்டு.”

“அந்த பாஸ்வேர்டை மாத்தி, உங்களுக்கு ஓர்மை நிக்கிறதா ஒண்ணு போடுங்க. இனி என்கிட்ட கேக்க வேண்டி வராது.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. போனை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவசரமாகக் கேட்டான்.

“லேகா, ஒரு காரியமும் இல்லாம கூப்பிட்டா நீ எடுப்பியா?”

“கூப்பிட்டுப் பாருங்க” என்று வைத்தாள்.

ஐந்து மணிக்குள் விவரத்தை ஏற்றி, மறுநாள் பதினொரு மணிக்கு நேரம் வாங்கி, பொன்னையனிடம் சொல்லிவிட்டான். பத்திரம் தடங்கல் இல்லாமல் பதிவானது. அந்த வாரம் முழுக்க, கூப்பிட்டால் என்ன பேசுவது என்பதே அவனுக்கு நினைப்பாக இருந்தது. பதிவு ஆபீஸ் கதை சொன்னால் அவளுக்குச் சலிப்பு வரும். திரும்பி வா என்று சொல்ல நாக்கு வராது.

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்குக் கூப்பிட்டான். எடுத்தாள். செங்கலில் நல்ல மழை என்றான். இங்கேயும் உண்டு என்றாள். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அவளும் அடியெடுத்துக் கொடுக்கவில்லை. இருந்தாலும் அவன் வைக்கவில்லை. அவள் வீட்டு ஓட்டில் மழை விழும் சத்தத்தைப் போன் வழியாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த வார்த்தைக்காக அந்தக் காலி வீட்டில் நின்றுகொண்டிருந்தான்.