நாயை அழித்தவள் எடுத்த படம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த கதையல்ல. ஊர்காவற்துறை இறங்குதுறையில் எழுவைதீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது, கமராப் பையை மடியில் வைத்தபடி பக்கத்தில் இருந்த மேர்சி என்ற பெண் சொன்னது. கல்யாணம், பெருநாள் எல்லாவற்றுக்கும் தீவில் அவள்தான் படம் எடுப்பவள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "அண்ணை, நீங்கள் எழுதுறதை ஆக்கள் நம்புவினமோ?" என்று கேட்டாள். இருபது வருடமாக எழுதுகிறேன், என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஓம் என்று பொய் சொன்னேன்.

2

தொடக்கம் ஒன்று: "அன்று கடல் நீலப் பட்டு விரித்ததுபோல —"

(வேண்டாம். எழுவைதீவில் இப்படிச் சொன்னால் காய்ச்சலோ என்று கேட்பார்கள்.)

தொடக்கம் இரண்டு: "டிஜிட்டல் படங்களைச் சேமிக்கும் கோப்புகள் முக்கியமாக இரண்டு வகைப்படும்."

(பாடப் புத்தகம்போல இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

றோ (RAW) என்பது கமரா கண்டதையெல்லாம் கண்டபடி வைத்திருக்கும் கோப்பு. பெரியது, மங்கலாகத் தெரியும். கணினியில் என்ன திருத்தம் செய்தாலும் மூலம் அப்படியே இருக்கும். ஜேபெக் என்பது கமராவே நிறம் கூட்டி, வேண்டாதது என்று தான் நினைத்ததை எறிந்து, சுருக்கித் தருவது. சின்னது, பளிச்சென்று இருக்கும், உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். (இந்த இடத்தில் எல்லோரும் பச்சை மீன், பொரித்த மீன் என்று விளக்குவார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டேன்.)

3

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்வோம்.

மேர்சிக்கும் நிருபனுக்கும் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. ஆனால் மேர்சியின் தகப்பன் வின்சன்றும் நிருபனின் தகப்பன் குருசுமுத்துவும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. போன வருடக் கோயில் பெருநாளில் நடந்த வள்ளப் போட்டிதான் காரணம். இரண்டு பேரின் வள்ளமும் ஒட்டிக்கொண்டு வந்தன. தான்தான் வென்றதாக இருவரும் சொல்கிறார்கள். அதை மற்றவர் ஒப்புக்கொள்ளாமல் கல்யாணம் இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

நடுவராக நின்ற பாதர், இருவரும் நல்ல கத்தோலிக்கர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார். இருபத்தேழு பேர் போனில் வீடியோ எடுத்தார்கள். வள்ளங்கள் எல்லைக்கு வந்த நேரத்தில் எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தியதால் இருபத்தேழு வீடியோவிலும் வானம்தான் இருக்கிறது.

மேர்சி றோவில் எடுத்தாள். பாரிசிலிருந்து சித்தி அனுப்பிய பழைய கமரா. றோவில் தொடர்ந்து பதினான்கு படம் எடுத்தால் அதற்கு மூச்சு முட்டிவிடும்; அவற்றை நினைவக அட்டையில் எழுதி முடிக்கும்வரை அசையாது. பதினான்காவது படத்தில் எல்லைக்கு இன்னும் இரண்டு முழம் இருக்கிறது. பதினைந்தாவதில் எல்லோரும் சோடா குடிக்கிறார்கள்.

"கொஞ்சம் பிந்தி அமத்தத் தொடங்கியிருக்கலாமே?" என்றேன்.

"அப்பா முந்துறார் எண்டு கண்டவுடனை விரல் நிக்கேல்லை அண்ணை."

4

ஆகவே இந்த வருடம் ஜேபெக்கில் எடுத்தால் என்ன? கமரா நிற்காமல் எடுக்கும். ஆனால் நம்ப ஆளில்லை, ஏனென்றால் ஒரு நாய்.

குருசுமுத்துவின் மூத்த மகளின் கல்யாணத்தில், மோதிரம் மாற்றும்போது அவர்களுடைய வீட்டு நாய் பீடத்துப் படியில் ஏறிக் கல்யாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டது. மேர்சி அதைக் கணினியில் அழித்துக் கொடுத்தாள். அந்த நேரம் ஊரே மெச்சியது. இப்போது குருசுமுத்து, "நாயை அழிச்சவள் வள்ளத்தை அழிக்கமாட்டாளோ?" என்கிறார். றோ என்றால் மட்டும் நம்புவாராம்.

(குறிப்பு: இரண்டிலும் சேர்த்து எடுக்கலாமே என்று கமரா வைத்திருக்கும் வாசகர் ஒருவர் துள்ளுவார். மேர்சி செய்து பார்த்தாள். ஒன்பதாவது படத்திலேயே மூச்சு முட்டியது. இருங்கள்.)

(இன்னொரு குறிப்பு: நிருபன்மேல் எனக்குச் சந்தேகம். தகப்பனுக்கு றோ என்றால் என்னவென்று விளக்கியதைத் தவிர இந்தக் கதையில் அவன் ஒன்றும் செய்யவில்லை. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் கல்யாணம் இல்லை. கமராவுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.)

5

போட்டியன்று மேர்சி கடைசி நிமிடத்தில் கமராவை ஜேபெக்கிற்கு மாற்றினாள். அறுபத்துமூன்று படம். நாற்பத்தோராவதில் குருசுமுத்துவின் வள்ளத்து மூக்கு ஒரு சாண் முன்னே எல்லையைத் தாண்டுகிறது. சந்தேகமே இல்லை. அவளுடைய அப்பா தோற்றுவிட்டார்.

இரண்டு தகப்பன்மாரையும் கோயில் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள்.

குருசுமுத்து படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். "இது றோவோ?"

"இல்லை மாமா. ஜேபெக்."

"அப்ப செல்லாது. மாமனாரைக் குளிரவைக்கிறதுக்குத் திருத்தியிருக்கிறாள். எனக்குப் பிச்சை வெற்றி வேண்டாம். வெண்டது நீர்தான் காணும்."

வின்சன்ற் படத்தை வாங்கித் தானும் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாயை அழிச்சது நீர் கேட்டதாலை. கேளாமல் என்ரை பிள்ளை ஒரு ஈயைக்கூடத் தொடமாட்டாள். நான் தோத்தனான்."

(இந்த வசனத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நகைச்சுவைக் கதைக்கு இது சரிவராது என்று இரண்டுமுறை வெட்டினேன். மூன்றாம்முறை விட்டுவிட்டேன்.)

போன வருடம் முழுக்க நான்தான் வென்றேன் என்று சண்டை. இப்போது நீர்தான் வென்றீர் என்று சண்டை. கல்யாணம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

6

முடிவு அ: பாதர் இரண்டு வள்ளத்தையும் ஆசீர்வதித்து — (அவரைத்தான் ஏற்கனவே பார்த்தோமே.)

முடிவு ஆ: நிருபன் குடையை மடக்கிவிட்டு, முதல்முறையாக வாயைத் திறந்து — (நம்ப ஏலாது.)

முடிவு இ கிடைக்காமல், எழுதிய வரைக்கும் மேர்சிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "ஆர் வெண்டதெண்டு அச்சிலை போடுங்கோ அண்ணை. அச்சிலை வந்தால் ரண்டு பேரும் நம்புவினம். வாற ஞாயிறு கோயிலிலை முதல் கல்யாண அறிவித்தல் வாசிக்கவேணும். தவக்காலம் தொடங்கினால் கல்யாணம் வைக்கேலாது, பிறகு உயிர்ப்பு ஞாயிறு போகத்தான்."

யாருடைய பெயரைப் போட என்று கேட்டேன். "அப்பா" என்று ஒரு சொல் வந்தது. நான் வாசித்து முடிப்பதற்குள் அழித்துவிட்டாள். பிறகு, "உங்கடை விருப்பம்" என்று வந்தது.

நான் கோழை. ஊர்காவற்துறைக்குத் தகப்பன்மார் இருவரும் மீன் விற்க வருகிறார்கள். எனக்கும் அங்கேதான் சந்தை. ஆகவே இடம் விட்டிருக்கிறேன், பேனையால் நிரப்புங்கள்:

................................ வள்ளம் ஒரு சாண் முந்தியது.

ஞாயிறு பூசைக்கு முன்பு செய்துவிடுங்கள். குருசுமுத்து என்று எழுதினால், அவர் உங்களிடம் றோ கேட்பார். வின்சன்ற் என்று எழுதினால், அவர் உங்கள் வீட்டுக்கே வருவார். சட்டைப் பையிலிருந்து அந்த நாற்பத்தோராவது படத்தை எடுத்து, தான் எவ்வளவு பின்னால் நிற்கிறேன் என்று விரல் வைத்துக் காட்டுவார். எடுத்தது என்ரை மகள் என்பார்.