பெர்மெத்தின் கை

மருமகளாக வந்த இரண்டாவது மாதமே பெர்மெத் மாமியாரின் அண்ணனை வீட்டைவிட்டு விரட்டிவிட்டாள். நரின் ஊரில் ஆடு திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிப்பது கஷ்டம். அரைக்கிண்ணம் தேநீர் ஊற்றினால், 'இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று அர்த்தம். சமோவாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அரைக்கிண்ணத்துக்குத்தான் ஊற்றப் பார்த்தாள். கை உதறியது, கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழிந்தது. பெரியவர் அதைத் தொடவேயில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வேணும்னு பண்ணலண்ணா, அவ கை அப்படி!" என்று மாமியார் கலிய்பா பின்னாலேயே ஓடினாள்.

"சின்னப் பொண்ணுக்கு என்ன கை நடுக்கம்? ஒளிஞ்சு வோட்கா குடிக்கிறாளா உன் மருமக?"

என்ன நடுக்கம் என்று தெரிந்தால் பெர்மெத்தே சொல்லியிருப்பாள். கல்யாணத்துக்கு முந்தைய வசந்தத்தில், தலை பின்னிக்கொண்டிருந்தபோது விரல்கள் ஆட ஆரம்பித்தன. அதன்பின் நிற்கவேயில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். "ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாருக்கு" என்றார் டாக்டர், பரிசு கொடுப்பவர் மாதிரி. ஒன்றுமில்லாததற்கு மருந்து எங்கே கிடைக்கும்? செத்துப்போன முன்னோர் யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள், பேசாமல் குறி சொல்லப் போ என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பெர்மெத்துக்குக் குறியும் வேண்டாம், முன்னோரும் வேண்டாம். எல்லாரையும்போல அரைக்கிண்ணம் தேநீர் ஊற்றினால் போதும்.

பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டும் அவள் கணவன் உலான் மட்டும் சிரிப்பான். "சமையலறையில கரண்டி கடகடன்னு ஆடுனா என் பொண்டாட்டி வீட்டுல இருக்கான்னு அர்த்தம்" என்பான். அவன் பக்கத்தில் வந்தால் கை இன்னும் அதிகமாக ஆடும்.

இலையுதிர் காலத்தில் மாமனாரின் தங்கை சய்ரா இறந்துபோனாள். முற்றத்தில் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தினார்கள். குளிப்பாட்ட வேண்டிய பெண்களில் ஒருத்தி வந்து சேரவில்லை. "நீ வா" என்று கலிய்பா மருமகளைக் கூப்பிட்டாள். மறுக்க முடியுமா? கண்டபடி சிந்தி மானத்தை வாங்கப் போகிறோம் என்று பயந்துகொண்டே அவள் கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் நூல் பிடித்தாற்போல விழுந்தது.

தேய்த்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது. பெர்மெத் தன் விரல்களைப் பார்த்தாள். யாரோ கழற்றிவிட்டு வேறு விரல்களை மாட்டியதுபோல அவை அசையாமல் இருந்தன. பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சந்தோஷப்பட்டாள். அதற்காக வெட்கமும் பட்டாள்.

"அடியே, உசுரோட இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் உன் கை நடுங்குமா?" என்றாள் சய்ராவின் நாத்தனார் புருல். அவள் நாக்கில் நரம்பே கிடையாது.

"சாவு வீட்டுல என்னடி பேச்சு?" என்று கலிய்பா அதட்டினாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கூடாரத்துக்கு வெளியே வந்து ரொட்டியை எடுத்ததும் கை மறுபடி ஆடியது. அன்றிலிருந்து அவள் தேநீரை நீட்டினால் யாரும் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்த்தார்கள். நன்றாக உதறினால் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கோபித்துக்கொண்டு போன பெரியவர்கூடத் திரும்பி வந்தார். வழிந்த கிண்ணத்தை வாங்கி, "நல்லா சிந்தும்மா, பரவாயில்ல" என்று சொல்லி முழுவதும் குடித்தார். முன்பு கேலி செய்தவர்கள் இப்போது பயந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவள் பெர்மெத்தான். உலான் மட்டும் அதையும் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, பிஷ்கெக் போகும் வழியிலுள்ள கணவாயில் பனி கொட்டுகிறது என்று செய்தி வந்திருந்தது. வெளியே வேனில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உலான் ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் தேநீருமாக, வாயிலிருந்ததை மென்றுகொண்டே அவள் முன்னால் வந்து நின்றான்.

"கோட்டுக்குப் பொத்தான் போடு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு தாயே."

அவள் போட்டாள். முதல் பொத்தான் துளைக்குள் போனது. அடுத்ததும் போனது. கழுத்துவரை எல்லாம் போட்டு முடித்தாள்.

உலான் குனிந்து பார்த்தான். "அட, நின்னுடுச்சு! அம்மா, ஓடி வாங்க, இவ கையப் பாருங்க!"

மாவுக் கையோடு வந்த கலிய்பா பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நடுங்கு, என்று பெர்மெத் உள்ளுக்குள் கெஞ்சினாள். ஊரே சிரிக்கட்டும், ஒரு கிண்ணம் மிச்சமில்லாமல் உடையட்டும், நடுங்கு. விரல்கள் அவன் மார்பின் மேல் கல்லாகக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே அவன் இதயம் துடிப்பது நன்றாகத் தெரிந்தது.

வெளியே ஹாரன் அடித்தார்கள்.

"விடு, நேரமாச்சு."

"போகாதீங்க."

"பைத்தியமா உனக்கு? கை சரியானதுக்கு யாராவது அழுவாங்களா?"

அவள் கோட்டை விடவில்லை. மேல் பொத்தானைக் கழற்றினாள். அடுத்ததையும் கழற்றினாள். அப்போதும் கை நடுங்கவில்லை.