குற்றமற்ற முழங்கால்

முழங்கால் மூட்டுக்குள் ஊறும் நீரைப் பற்றி என் மனைவி சோல்வெய்க்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் ஆராய்கிறாள். மூட்டுத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே குருத்தெலும்பு துணுக்குத் துணுக்காக அந்த நீரில் உதிரத் தொடங்கிவிடுமாம். துணுக்குகளை அளந்தால் நோயை முளையிலேயே பிடித்துவிடலாம் என்பது அவள் கட்சி. அவள் மருத்துவர் அல்ல, வேதியியல்காரி. மனிதன் என்பவன் அவளுக்கு முழங்காலைச் சுமந்து வரும் வண்டி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட எனக்கு முழங்கால் வலி வந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலில் ஒரு குறையும் இல்லை. வலி மட்டும் வருடக்கணக்கில் போகவில்லை. எங்கள் குடியிருப்பில் வசந்தத்தில் ஒரு நாளும் இலையுதிர் காலத்தில் ஒரு நாளும் எல்லோரும் கூடி வளாகத்தைச் சுத்தம் செய்வோம். முடிந்ததும் சாஸேஜ் சுட்டுத் தின்போம். முதல் காரியத்துக்கு நான் லாயக்கில்லை. இரண்டாவதற்கு நொண்டிக்கொண்டாவது போய்விடுவேன். குடியிருப்புச் சங்கத் தலைவர் ஸ்டென்னுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னப்பா ரூனே, உன் முழங்காலுக்கு மண்வெட்டின்னாத்தான் ஆகாதா? சாஸேஜ் வாசனைக்கு நல்லா மடங்குதே.”

எல்லோரும் சிரித்தார்கள். சோல்வெய்யும் சிரித்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஊரார் ஆயிரம் சொல்வார்கள், முழங்காலையே தொழிலாகக் கொண்டவள் நம்ப வேண்டாமா? நீர் எனக்குச் சாட்சி சொல்லட்டும் என்று நானே போய் அவளுடைய ஆய்வில் சேர்ந்தேன். ஊசி குத்திய பெண், என் முழங்காலிலிருந்து நாலு சொட்டு வாங்குவதற்குள் வியர்த்துப்போனாள்.

முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. ஆனால் ஒரு வியாழக்கிழமை பட்டாணி சூப்பை மேசையில் வைக்கும்போதே சோல்வெய்யின் முகத்தில் முடிவு எழுதியிருந்தது.

“ஒரு துணுக்குகூட இல்ல ரூனே. இருபது வயசுப் பையனோட முழங்கால் உனக்கு.”

“அப்ப வலிக்குதே, அது?”

“அதை நீதான் சொல்லணும்.”

நான் சொல்வது மெய்யென்றால் அவளுடைய பரிசோதனை பொய். பரிசோதனை மெய்யென்றால் நான் புளுகன். இரண்டில் ஒன்றைத்தான் அவள் வைத்துக்கொள்ள முடியும். அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆரோக்கியமான முழங்காலுக்கு என் நீரே அளவுகோல் ஆயிற்று. கோபன்ஹேகன் மாநாட்டில் என் முழங்காலின் வரைபடத்தைத் திரையில் காட்டியபோது கைதட்டினார்களாம். வீட்டில் நான் மாடிப்படியில் முனகினால் அவள் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். வலியைவிட அது அதிகம் வலித்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ரோஷம் வந்து நானும் தள்ளுவண்டியைப் பிடித்தேன். ஈர இலைகளை அள்ளிப் போட்டு வண்டியைத் திருப்பினேன். கால் திரும்பவில்லை. இலைக்குவியலிலேயே விழுந்தேன். ஸ்டென் முதலில் கைதட்டினார். நான் எழுந்திருக்காததைப் பார்த்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காலை மடக்கி, தொடையோடு உட்புறமாகத் திருப்பினாள். நான் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். உடனே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். இடுப்பு மூட்டில் குருத்தெலும்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. இடுப்பு தேய்ந்தால் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும், இது மருத்துவ மாணவர்களுக்கே தெரிந்த சங்கதி என்றாள். என் மனைவி யார் என்று அவளுக்குத் தெரியாது.

சோல்வெய் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள். டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினாள். சோல்வெய் இடுப்புப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. கட்டிலருகே வந்து என் கையை இறுகப் பிடித்தாள். கடைசியில் என்னை நம்பிவிட்டாள் என்று நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பாடா,” என்றாள். “அப்ப என் டெஸ்ட் தப்பில்ல.”